ஐ.எல்-10 புரதம் வேலை செய்யவில்லை: கூரியரா, கரண்டா, என் கையா?

பாலக்கோடு ஸ்காலர் | செவ்வாய், இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி பக்கம் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீகாம்பினன்ட் (ஜீனை வேறு உயிரில் வைத்துத் தயாரித்த) மனித இன்டர்லூக்கின்-10, சுருக்கமாக ஐ.எல்-10, அழற்சியை அடக்குகிற புரதம். ஈ. கோலை பாக்டீரியாவில் செய்தது, 10 மைக்ரோகிராம் குப்பி இரண்டு வாங்கினோம். பெங்களூரிலிருந்து கிளம்பிய பார்சல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கிருஷ்ணகிரி குடோனிலேயே கிடந்தது. ஏப்ரல் வெயில் எப்படி என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தபோது ஐஸ் பேக் வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரு குப்பியைத் திறந்து 1 மில்லி பி.பி.எஸ்ஸில் (பாஸ்பேட் சேர்ந்த உப்புக் கரைசல்) கரைத்தேன். அதாவது மில்லிக்கு 10 மைக்ரோகிராம். அதிலிருந்து மில்லிக்கு 100 நானோகிராம் உள்ள இன்னொரு ட்யூப் தயாரித்து வைத்துக்கொண்டேன். பரிசோதனை ரொம்ப எளிது. ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்து, எல்.பி.எஸ் (பாக்டீரியாவின் சுவர்ப் பொருள்) கொடுத்துத் தூண்டி, வெளியே வரும் டி.என்.எஃப் (அழற்சியைத் தூண்டும் புரதம்) அளவை எலைசாவில் (புரதத்தை அளக்கும் சோதனை) பார்ப்பது. ஐ.எல்-10 முன்கூட்டியே கொடுத்தால் டி.என்.எஃப் குறைய வேண்டும். பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம் இது. (எதிக்ஸ் கமிட்டி அனுமதி, ரத்தம் கொடுத்தவர்களின் ஒப்புதல் எல்லாம் முறையாக இருக்கிறது.)

எனக்கு வந்தது இது. எல்.பி.எஸ் மட்டும்: 1,800 பிகோகிராம். எல்.பி.எஸ்ஸோடு ஐ.எல்-10: 1,750. மூன்று தடவை செய்தும் இதே கதை.

கூரியர் கம்பெனிக்கும் விற்றவர்களுக்கும் புகார்க் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கைடு கையெழுத்துப் போட்டால் அனுப்பிவிடுவேன். ஒரு மாத ஃபெல்லோஷிப்பில் பெரும்பகுதி இதற்கே போய்விட்டது. அனுப்பும் முன் அனுபவம் உள்ளவர்கள் யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஓசூர் புரதம் | செவ்வாய், இரவு 11.05

அம்மா, அந்தக் கடிதத்தை ஒரு வாரம் மேசையிலேயே வையுங்கள்.

நான் பதினாலு வருடமாகப் புரதம் சுத்திகரிக்கிற வேலையில் இருக்கிறேன். குப்பிக்குள் இருக்கிறது உறைய வைத்து உலர்த்திய பொடி. தண்ணீர் இல்லாத நிலையில் இந்த மாதிரிப் புரதங்கள் நீங்கள் நினைப்பதைவிட ரொம்பக் கெட்டியானவை. பல கம்பெனிகள் சைட்டோகைன் என்கிற இந்த வகைச் செய்திப் புரதங்களை உலர்ந்த நிலையில் சாதாரண வெப்பநிலையிலேயே அனுப்புகின்றன. ஐஸ் பேக் கூடுதல் பாதுகாப்புக்குத்தான். இரண்டு நாள் வெயில் நல்லதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் முதல் சந்தேகம் அதன் மேல் விழாது. தண்ணீர் பட்ட நிமிடத்திலிருந்துதான் இதன் ஆயுள் எண்ணப்படுகிறது.

நான்கு கேள்வி. குப்பியைத் திறக்கும் முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று சுற்றினீர்களா? பி.பி.எஸ்ஸில் ஆல்புமின் ஏதாவது சேர்த்தீர்களா? கரைத்ததை எத்தனை தடவை உருக்கி உறைய வைத்தீர்கள்? எந்த ஃப்ரீசர்?

பாலக்கோடு ஸ்காலர் | புதன், காலை 7.40

அண்ணா, உடனே பதில் போட்டதற்கு நன்றி.

சுற்றவில்லை. ஆல்புமின் சேர்க்கவில்லை, வெறும் பி.பி.எஸ்தான். ஒரே ட்யூபாக வைத்திருந்ததால் ஐந்து தடவை உருக்கியிருப்பேன். 100 நானோகிராம் ட்யூப் சாதாரண ஃப்ரிட்ஜில் ஒன்பது நாள் இருந்தது. ஃப்ரீசர் என்றால் எங்கள் லேபில் இருக்கிற இரட்டைக் கதவு வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் அறைதான். அந்த வாரம் மூன்று நாள் மதியம் கரண்ட் போனது.

எழுதும்போதே எனக்குப் புரிய ஆரம்பிக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், இவ்வளவு சின்ன விஷயங்களுக்கா ஒரு புரதம் முழுசாக வீணாகும்?

ஓசூர் புரதம் | புதன், மதியம் 1.15

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், அதனால் சுருக்கமாக முடியுமா பார்க்கிறேன்.

முதலில் ஒட்டிக்கொள்வது. பிளாஸ்டிக் சுவர் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். ட்யூபில் நிறையப் புரதம் இருந்தால் சுவரில் ஒட்டியது போக மிச்சம் நிறைய இருக்கும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். மில்லிக்கு 100 நானோகிராம் என்றால் சுவர் கேட்கிற அளவே உங்களிடம் இல்லை. ஒன்பது நாளில் பெரும்பகுதி சுவருக்குப் போயிருக்கும். அதனால்தான் 0.1 சதவீதம் ஆல்புமின் சேர்க்கச் சொல்வார்கள். ஆல்புமின் போய்ச் சுவரை அடைத்துக்கொள்ளும், நம் புரதம் தண்ணீரில் மிதக்கும்.

இரண்டாவது, இது ஐ.எல்-10-க்கே உரிய சங்கடம். இந்தப் புரதம் தனியாக வேலை செய்யாது. 160 அமினோ அமிலம் கொண்ட சங்கிலி இரண்டு ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஜோடியாக நிற்க வேண்டும். ஒவ்வொரு சங்கிலியும் சுமார் 18.6 கிலோடால்டன். ஜோடிக்கு நடுவே டைசல்ஃபைடு மாதிரி உறுதியான இணைப்பு எதுவும் இல்லை. ஒன்றன் கை இன்னொன்றன் கைக்குள் கோத்த மாதிரி, அவ்வளவுதான். அமிலத்தன்மை ஏறினால் கை விட்டுப்போகும்.

இப்போது உங்கள் பி.பி.எஸ்ஸைப் பாருங்கள். அது சோடியம் பாஸ்பேட். அதை மெதுவாக உறைய வைத்தால் இரண்டு பாஸ்பேட் உப்புகளில் ஒன்று முதலில் படிகமாகி ஒதுங்கிவிடும். மிச்சமிருக்கிற திரவத்தில் பி.எச் 7.4-லிருந்து விழும். 4-க்குப் பக்கம் வரைகூடப் போகலாம். அந்த அமிலக் குளத்தில்தான் உங்கள் ஜோடிப் புரதம் ஐந்து தடவை மூழ்கி எழுந்திருக்கிறது. மறுபடி உருகும்போது எல்லாச் சங்கிலியும் தன் ஜோடியைத் தேடிச் சரியாகச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. சிலது கட்டிதட்டிப் போகும்.

புரதம் அழிந்துவிட்டது என்று நான் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. கரைத்த விதமே போதுமான காரணம் என்கிறேன்.

மொரப்பூர் ஃப்ரிட்ஜ் சர்வீஸ் | புதன், மாலை 6.30

எனக்குப் புரதம் எல்லாம் தெரியாது. என் மகள் பயோடெக் படிக்கிறாள், அவள் காட்டித்தான் இந்த இழையைப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இரட்டைக் கதவு என்றால் அநேகமாக ஃப்ராஸ்ட் ஃப்ரீ. ஐஸ் கட்டாமல் இருக்க உள்ளே காயில் பக்கத்தில் ஒரு ஹீட்டர் இருக்கும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கம்ப்ரசர் நின்று அந்த ஹீட்டர் இருபது நிமிடம், அரை மணி ஓடும். ஐஸ்கிரீமுக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் சின்ன ட்யூபில் ஒரு சொட்டு மருந்து வைத்திருந்தால் அது ஒவ்வொரு நாளும் இளகி இறுகும். கரண்ட் போகாத நாளிலும் இது நடக்கும் பாப்பா.

பழைய ஒற்றைக் கதவு, கையால் பட்டன் அழுத்தி ஐஸ் உருக்குகிற மாடல் உங்கள் வேலைக்கு அதைவிட மேல். டீப் ஃப்ரீசர் கிடைத்தால் ரொம்ப நல்லது. கரண்ட் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து அடுக்குங்கள், குளிர் நின்று பேசும். ட்யூபைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து அதை ஃப்ரீசருக்குள் வையுங்கள்.

பாலக்கோடு ஸ்காலர் | புதன், இரவு 9.10

ஐயா, ஐந்து தடவை என்று நான் கணக்கு வைத்திருந்தேன். நீங்கள் சொன்ன பிறகு அது முப்பதோ நாற்பதோ! இத்தனை நாள் எங்கள் துறையில் என்சைம், ஆன்டிபாடி எல்லாம் அதே அறையில்தான் இருக்கின்றன. நாளைக்கே பேசுகிறேன்.

அரூர் விலங்கியல் | வியாழன், காலை 6.15

ஓய்வு பெற்ற ஆசிரியன். இழையை மாணவர்கள் பலர் படிப்பதால், இந்தப் புரதத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓசூர்த் தம்பி கையாளும் முறையைச் சொல்கிறார், இது எதற்காக உடம்பில் இருக்கிறது என்பதும் தெரிந்தால் பரிசோதனை இன்னும் தெளிவாகும்.

1989-இல் கலிஃபோர்னியாவின் டி.என்.ஏ.எக்ஸ் ஆய்வுக்கூடத்தில் டிம் மோஸ்மனின் குழு ஒரு விஷயத்தைக் கவனித்தது. உதவி டி செல்கள் என்ற வெள்ளையணுக்களில் இரண்டு வகை. ஒரு வகை செல்லை வளர்த்த திரவத்தை எடுத்து ஊற்றினால், மற்ற வகை சைட்டோகைன் சுரப்பதைக் குறைத்துக்கொண்டது. பெயரே 'சைட்டோகைன் உற்பத்தியைத் தடுக்கும் காரணி' என்றுதான் முதலில் வைத்தார்கள். அதுதான் பிறகு இன்டர்லூக்கின்-10 ஆனது.

நோய் எதிர்ப்பு என்றால் சண்டை என்று மட்டுமே நாம் பாடம் நடத்துகிறோம். ஊர்த் திருவிழாவில் மேளம் தொடங்க ஒரு ஆள் வேண்டும் என்றால், நிறுத்தச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டும். நிறுத்தச் சொல்கிறவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1993-இல் எலிகளில் பார்த்தார்கள். ஐ.எல்-10 ஜீனை எடுத்துவிட்ட எலிகளுக்குக் குடல் புண்ணாகி அழற்சி வந்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தால் அந்த எலிகளுக்குக் குடல்நோய் வருவதில்லை என்பது பிறகு தெரிந்தது. அதாவது குடலில் சாதுவாக வாழ்கிற பாக்டீரியாவோடு உடம்பு போடும் தேவையில்லாத சண்டையை ஐ.எல்-10 தான் தினமும் அடக்கி வைத்திருக்கிறது. 2009-இல் பிறந்த சில மாதங்களிலேயே கடுமையான குடல் அழற்சி வந்த குழந்தைகளில் ஐ.எல்-10 ஏற்பியின் ஜீன் பழுதாக இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் ஒரு குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை கைகொடுத்தது.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது வேறொன்று. எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் இந்த ஜீனின் ஒரு நகலைத் தன்னிடமே வைத்திருக்கிறது. நம் உடம்பில் நுழைந்ததும் நம் மொழியிலேயே 'நிறுத்துங்கள்' என்று சொல்லித் தப்பிக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

இன்னொரு செய்தி, வாங்கும்போது உதவும். மனித ஐ.எல்-10 எலியின் செல்லிலும் வேலை செய்யும். எலியின் ஐ.எல்-10 மனிதச் செல்லில் வேலை செய்யாது. மாற்றி வாங்கிவிட்டு அழுதவர்கள் உண்டு.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு | வியாழன், இரவு 8.50

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரமாக யோசித்து இதை எழுதுகிறேன். என் தம்பிக்கு 24 வயது. குடலில் கிரோன் நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். 16 கிலோ இறங்கிவிட்டான். குடல் அழற்சியை அடக்குவதே இந்தப் புரதம்தான் என்றால், இந்தக் குப்பியை வாங்கி ஒரு டாக்டரிடம் கொடுத்து ஊசியாகப் போட முடியாதா? இன்டர்நெட்டில் விற்கிறது. எவ்வளவு ஆனாலும் இந்த வருட மகசூலில் கட்டிவிடுவேன்.

ஓசூர் புரதம் | வியாழன், இரவு 9.02

அண்ணா, வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். குப்பியின் மேலேயே 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று இருக்கும், அது சம்பிரதாயத்துக்கு எழுதியது இல்லை. அந்த மாதிரிக் குப்பி தயாரிக்கிற இடத்தில் வேலை செய்கிறவன் சொல்கிறேன். செல்லில் போடுகிற தரம் வேறு, நரம்பில் ஏற்றுகிற தரம் வேறு. மருந்தாக வருவதற்கான கிருமி நீக்கச் சோதனை எதுவும் அந்தக் குப்பிக்கு நடந்திருக்காது.

கிருஷ்ணகிரி வார்டு | வியாழன், இரவு 10.45

நான் மருத்துவர். டூட்டி முடிந்து வந்து படித்தேன். மாந்தோப்பு அண்ணனுக்கு நேரடியாகப் பேசுகிறேன்.

நீங்கள் யோசித்தது தப்பான யோசனை இல்லை. உலகத்தில் பெரிய பெரிய ஆய்வாளர்களும் இதையேதான் யோசித்தார்கள். 1990-களில் கிரோன் நோயாளிகளுக்கு ஐ.எல்-10 ஊசியாகவே கொடுத்துப் பார்த்தார்கள். 2000-இல் முடிவுகள் வெளிவந்தன. சிலருக்குக் கொஞ்சம் பலன், மொத்தத்தில் மருந்தாக ஏற்றுக்கொள்கிற அளவுக்கு இல்லை. இன்னும் ஒன்று, 2002-இல் வந்த ஆய்வில், அதிக அளவு ஊசி போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்தில் இன்டர்ஃபெரான் காமா என்ற அழற்சிப் புரதம் கூடியது தெரிந்தது. அழற்சியை அணைக்கக் கொடுத்தது இன்னொரு பக்கம் அழற்சியைத் தூண்டியது. உடம்பில் இந்தப் புரதம் தேவைப்படுகிற இடத்தில், தேவைப்படுகிற நேரத்தில் சொட்டுச் சொட்டாகச் சுரக்கிறது. நாம் தோலுக்கு அடியில் மொத்தமாகப் போடுவது அது ஆகாது.

நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் புரதங்களோடு விளையாடினால் எவ்வளவு மோசமாகப் போகும் என்பதற்கு 2006-இல் லண்டனில் நடந்ததைச் சொல்வேன். டி.ஜி.என்.1412 என்ற ஆன்டிபாடி. ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு ரொம்பச் சிறிய அளவுதான் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேரும் கவலைக்கிடமாகி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் தப்பினார்கள். அது முறையாகத் தயாரித்து, டாக்டர்கள் பக்கத்தில் நிற்கும்போது கொடுத்தது.

இப்போது உங்கள் தம்பி. இந்த நோய்க்கு இன்று மருந்து இருக்கிறது. டி.என்.எஃப்-ஐப் பிடித்துக் கட்டுகிற ஆன்டிபாடி மருந்துகள், இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப். இந்தியாவிலேயே தயாரான அடலிமுமாப் 2014-இலிருந்து கிடைக்கிறது, வெளிநாட்டு விலை இல்லை. ஆனால் அதற்கு முன் ஒரு முக்கியமான வேலை. நம் நாட்டில் குடல் காசநோய் அப்படியே கிரோன் மாதிரியே தோற்றம் காட்டும். எடை இறங்குவது இரண்டிலும் உண்டு. காசநோய் இருக்கிறவருக்கு அழற்சி அடக்கும் மருந்தைக் கொடுத்தால் காசநோய் தலைவிரித்து ஆடும். தம்பிக்கு காலனோஸ்கோபி செய்து சதை எடுத்துப் பார்த்தார்களா, காசநோய்ச் சோதனை ஆனதா, இரண்டையும் ரிப்போர்ட்டில் தேடுங்கள். ஒரு குடல்நோய் நிபுணரிடம் அந்த ரிப்போர்ட்டுகளோடு போங்கள். 16 கிலோ இறங்கியிருக்கிறது என்றால் மாம்பழ சீசன் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே போங்கள்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு | வெள்ளி, காலை 5.55

சதை எடுத்தது இருக்கிறது. காசநோய்ச் சோதனை என்று எதுவும் ஃபைலில் இல்லை. திங்கட்கிழமை பெங்களூரு போகிறோம். ரொம்ப நன்றி டாக்டர்.

பென்னாகரம் பட்டு | வெள்ளி, காலை 11.20

மனிதப் புரதம் என்றால் மனித ரத்தத்தில் இருந்து எடுப்பதா என்று என் வீட்டில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தவறு இருந்தால் ஆசிரியர் ஐயா திருத்தலாம். மனித ஜீனின் எழுத்தை மட்டும் பாக்டீரியாவுக்குக் கொடுத்துச் செய்யச் சொல்வது. சர்க்கரை நோயாளிகளுக்கான இன்சுலின் 1982-இலிருந்து இப்படித்தான் வருகிறது.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பட்டுப்புழு வளர்க்கிறது. தர்மபுரி அங்காடிக்குத்தான் கூடு கொண்டுபோவோம். கிராசரி என்று ஒரு நோய் உண்டு. புழு ஊதிப்போய், தோல் பளபளத்து, கிழிந்தால் பால் மாதிரி நீர் கசியும். ஒரு மனை முழுக்க நாசமாகும். அதைக் கொண்டுவருவது ஒரு பாகுலோ வைரஸ். 1985-இல் ஜப்பானில் மாயேடா என்பவரின் குழு அதே வைரஸின் உள்ளே மனித இன்டர்ஃபெரான் ஜீனை வைத்துப் புழுவுக்குக் கொடுத்தது. புழுவின் ரத்தத்தில் மனித இன்டர்ஃபெரான் வந்தது! பிற்பாடு பூனைக்கான இன்டர்ஃபெரான் மருந்து பட்டுப்புழுவிலேயே தயாராகி ஜப்பானில் விற்பனைக்கும் வந்தது. எங்களை அழ வைக்கிற அதே வைரஸ். இதை முதலில் படித்த அன்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மல்பெரி பறித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, இன்னொரு தரம் படி என்றார்.

ஓசூர் புரதம் | வெள்ளி, மாலை 7.30

பட்டு அண்ணன் சொன்னது சரி. ஐ.எல்-10-ஐயும் பூச்சி செல், பாலூட்டி செல் இரண்டிலும் செய்து விற்கிறார்கள். மனித ஐ.எல்-10-க்குச் சர்க்கரை ஒட்டுகிற வேலை கிடையாது என்பதால் பாக்டீரியாவிலும் செய்யலாம். அதில் ஒரு தொல்லை உண்டு. ஈ. கோலையின் வெளிச்சுவரே எல்.பி.எஸ்தான். உங்கள் பரிசோதனையில் செல்லைத் தூண்டப் போடுகிறீர்களே, அதே பொருள். அதை எண்டோடாக்சின் என்போம்.

ஸ்காலர் அம்மாவிடம் கேட்க மறந்த ஒரு கேள்வி இதனால் ஞாபகம் வந்தது. எல்.பி.எஸ் இல்லாமல் ஐ.எல்-10 மட்டும் போட்ட குழியில் (செல் வளர்க்கிற தட்டின் குழி) டி.என்.எஃப் எவ்வளவு?

பாலக்கோடு ஸ்காலர் | வெள்ளி, இரவு 8.15

அண்ணா, அதை எழுதாமல் விட்டது என் தப்பு. புரியாததால் விட்டுவிட்டேன். ஒன்றுமே சேர்க்காத குழி: 30-க்கும் கீழே. ஐ.எல்-10 மட்டும்: 240. அடக்க வேண்டிய புரதம் தூண்டுகிறது! அப்படியென்றால் குப்பியிலேயே எண்டோடாக்சின் கலந்திருக்கிறதா? புகார்க் கடிதத்தில் இதையும் சேர்க்கவா?

ஓசூர் புரதம் | வெள்ளி, இரவு 9.40

கடிதத்தை இன்னும் தொடாதீர்கள். கணக்குப் போடுவோம்.

டேட்டாஷீட்டில் மைக்ரோகிராமுக்கு 1 எண்டோடாக்சின் யூனிட்டுக்குக் கீழே என்று இருக்கும். நீங்கள் குழியில் போட்டது 10 நானோகிராம், அதாவது மைக்ரோகிராமில் நூறில் ஒரு பங்கு. ஆக 0.01 யூனிட். ஒரு யூனிட் என்பது சுமார் 100 பிகோகிராம் எல்.பி.எஸ். அப்போது குப்பியிலிருந்து வந்திருக்கக்கூடியது அதிகபட்சம் 1 பிகோகிராம். டி.என்.எஃப் சுரக்கிற வெள்ளையணுவான மானோசைட் ரொம்பக் கூர்மையான செல்தான், ஆனாலும் இவ்வளவு குறைந்த அளவுக்கு 240 வராது.

அதே குழியில் வேறு எது போனது? பி.பி.எஸ். மில்லிக்கு 100 நானோகிராம் ட்யூபிலிருந்து 10 நானோகிராம் ஆக்க வேண்டும் என்றால் 100 மைக்ரோலிட்டர் ஊற்றியிருக்கிறீர்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு பி.பி.எஸ். அதை எங்கே வாங்கினீர்கள்?

பாலக்கோடு ஸ்காலர் | வெள்ளி, இரவு 9.52

வாங்கவில்லை அண்ணா. லேபிலேயே செய்தது. டிஸ்டில்டு வாட்டர் கேனில் இருந்து எடுத்து, உப்புப் போட்டு, ஆட்டோகிளேவ் செய்தோம். ஆட்டோகிளேவ் செய்தால் சுத்தம்தானே?

ஓசூர் புரதம் | வெள்ளி, இரவு 10.10

பாக்டீரியா சாகும். அதன் சுவர் தண்ணீரிலேயே கிடக்கும். எல்.பி.எஸ் 121 டிகிரி நீராவிக்கெல்லாம் அசையாது. கண்ணாடிப் பாத்திரத்தில் இருந்து அதை ஒழிக்க 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி வைக்க வேண்டும். தண்ணீரை அப்படி வைக்க முடியாதல்லவா? கேனில் நாள்கணக்கில் நின்ற தண்ணீரில் பாக்டீரியா மெல்லிய படலமாக வளர்ந்திருக்கும். நீங்கள் அதை வேகவைத்து சூப் எடுத்திருக்கிறீர்கள்.

பி.பி.எஸ் மட்டும் ஊற்றிய குழி ஒன்று வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இதை மனம் நோகச் சொல்லவில்லை அம்மா. நானும் முதல் வருடம் அந்தக் குழியை வைக்கவில்லை, ஏழு மாதம் போனது.

திறக்காத இரண்டாவது குப்பி இருக்கிறதே, அதுதான் இப்போது உங்கள் சாட்சி. அதே பார்சலில், அதே குடோனில், அதே வெயிலில் கிடந்தது. அதைச் சரியாகக் கரைத்து வேலை செய்தால் கூரியர் மேல் தப்பில்லை. இப்படிச் செய்யுங்கள்.

குப்பியை ஒரு சுற்று சுற்றி, பொடி அடியில் உட்கார்ந்த பிறகு திறவுங்கள். எண்டோடாக்சின் இல்லாத ஊசித் தரத் தண்ணீர் 100 மைக்ரோலிட்டர், டேட்டாஷீட்டும் அதையே சொல்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு. பத்து பதினைந்து நிமிடம் சும்மா வையுங்கள், வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) வேண்டவே வேண்டாம். நுரை வந்தால் புரதம் கெடும். எண்டோடாக்சின் குறைந்த ஆல்புமின் 0.1 சதவீதம் இருக்கட்டும் (சாதாரண ஆல்புமினிலேயே எண்டோடாக்சின் இருக்கும், அங்கே ஏமாறாதீர்கள்). இப்போது மில்லிக்கு 100 மைக்ரோகிராம். 5 மைக்ரோலிட்டராக இருபது ட்யூபில் பிரித்து மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு ட்யூப் ஒரு நாளுக்கு. மிச்சத்தைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. பயன்படுத்தும் நாளில் ஒரு ட்யூபில் 495 மைக்ரோலிட்டர் சீரம் கலந்த மீடியம் (செல் வளர்ப்புத் திரவம்) ஊற்றினால் மில்லிக்கு 1 மைக்ரோகிராம். அதில் 10 மைக்ரோலிட்டர் ஒரு மில்லி குழிக்குப் போதும்.

குழிகள்: வெறும் மீடியம், எல்.பி.எஸ் மட்டும், எல்.பி.எஸ்ஸோடு பழைய ஐ.எல்-10, எல்.பி.எஸ்ஸோடு புதிய ஐ.எல்-10, எல்.பி.எஸ்ஸோடு அரை மணி கொதிக்க வைத்த புதிய ஐ.எல்-10. அப்புறம் எல்.பி.எஸ் இல்லாமல் பழைய பி.பி.எஸ், கடையில் வாங்கிய பி.பி.எஸ், பழைய பி.பி.எஸ்ஸோடு பாலிமிக்சின் பி. கொதித்தால் புரதம் சாகும், எண்டோடாக்சின் சாகாது. பாலிமிக்சின் எண்டோடாக்சினைப் பிடித்துக் கட்டும், புரதத்தைத் தொடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யார் குற்றவாளி என்று மறைக்க முடியாது. ஆனால் நீங்களே எல்.பி.எஸ் போடுகிற குழியில் பாலிமிக்சினைப் போட்டுவிடாதீர்கள், தூண்டுதலே போய்விடும்.

ஆறு மணி நேரத்தில் திரவத்தை எடுங்கள். இரண்டு நாள் விட்டால் மானோசைட்டே சொந்தமாக ஐ.எல்-10 சுரக்க ஆரம்பித்துக் குழப்பும்.

அரூர் விலங்கியல் | சனி, காலை 6.05

ஒரே ஆளின் ரத்தத்தை நம்பாதீர்கள். குறைந்தது மூன்று பேர். ஆளுக்கு ஆள் டி.என்.எஃப் இரட்டிப்பாகவும் பாதியாகவும் வரும். ரத்தம் அடிக்கடி கிடைப்பது சிரமம் என்றால் புனேயில் தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் டி.எச்.பி-1 என்ற, லேபில் வளர்க்கிற மானோசைட் வகைச் செல் கேட்டு வாங்கி வளர்க்கலாம்.

பாலக்கோடு ஸ்காலர் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 4.30

எல்லோருக்கும் மறுபடி வணக்கம். பக்கத்துத் துறையில் மைனஸ் 80 ஃப்ரீசரில் ஒரு அடுக்கு கொடுத்தார்கள். பி.பி.எஸ், ஊசித் தரத் தண்ணீர் இரண்டும் வர எட்டு நாள் ஆனது. மூன்று பேர் ரத்தம் கொடுத்தார்கள். மூவரிலும் ஒரே போக்குதான், ஒருவரின் எண்களைத் தருகிறேன்.

எல்.பி.எஸ் மட்டும்: 1,910. பழைய ஐ.எல்-10 சேர்த்தது: 1,640. புதிய குப்பி: 420. கொதிக்க வைத்தது: 1,870.

420 என்று பிளேட் ரீடரில் பார்த்தபோது நானும் என் ஜூனியரும் கையைப் பிடித்துக்கொண்டோம். இரண்டு நிமிடம் பேசவே இல்லை.

பழைய பி.பி.எஸ் மட்டும்: 220. கடையில் வாங்கிய பி.பி.எஸ்: எலைசாவின் கடைசிப் புள்ளிக்கும் கீழே. பழைய பி.பி.எஸ்ஸோடு பாலிமிக்சின்: 35.

கிருஷ்ணகிரி குடோனில் இரண்டு நாள் வெந்த குப்பிதான் இது. ஒன்றும் ஆகவில்லை. கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நான் எழுதியிருந்த வார்த்தைகள் கொஞ்சம் கடுமையானவை, அனுப்பாமல் தடுத்ததற்கு ஓசூர் அண்ணாவுக்கு நன்றி. மொரப்பூர் ஐயா சொன்னதைத் துறைத்தலைவரிடம் காட்டினோம், இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் இனி மீடியத்துக்கு மட்டும்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் சீக்கிரம் வந்தேன். என் ஜூனியர் ஒன்றரை வருடமாக ஒரு மூலிகை இலைச்சாற்றைச் செல்லில் போட்டுப் பார்க்கிறாள். டி.என்.எஃப் கூடுகிறது, நோய் எதிர்ப்பைத் தூண்டுகிறது என்று மாநாட்டில் போஸ்டர்கூட வைத்தாள். சாற்றைக் கரைத்தது இதே கேன் தண்ணீரில் செய்த பி.பி.எஸ்ஸில். 220 என்ற எண்ணைப் பார்த்ததும் அவள்தான் முதலில் நோட்டை எடுத்தாள். அவளுடைய எண்கள் 190-லிருந்து 260 வரை.

ஓசூர் புரதம் | ஞாயிறு, மாலை 5.15

அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள், நோட்டை அவளே எடுத்தாள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சாறு மொத்தமும் பொய் என்று இன்னும் சொல்ல முடியாது. சாற்றைப் புதிய பி.பி.எஸ்ஸில் கரைத்து, பாலிமிக்சின் போட்டும் போடாமலும் இரண்டு வரிசை வைக்கட்டும். இலையின் மேலேயே பாக்டீரியா இருக்கும், அதனால் சாற்றிலும் எண்டோடாக்சின் வரலாம். பாலிமிக்சின் போட்டும் எண் நின்றால் அது சாற்றின் வேலை.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு | ஞாயிறு, இரவு 8.40

ஸ்காலர் தங்கச்சி, உங்கள் இழையில்தான் எனக்கு வழி கிடைத்தது, அதனால் இங்கேயே சொல்கிறேன். தம்பிக்குக் குடல் காசநோய் என்று தெரிந்தது. மாத்திரை தொடங்கி பதினோரு நாள் ஆகிறது. காய்ச்சல் நின்றுவிட்டது. நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டான்.

கிருஷ்ணகிரி வார்டு | ஞாயிறு, இரவு 11.30

ஒரு நாள்கூட மாத்திரை விடக் கூடாது, நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும். டாக்டர் சொல்கிற மாதம் முழுக்க. கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எடையை வாரம் ஒரு முறை எழுதி வையுங்கள்.

பாலக்கோடு ஸ்காலர் | திங்கள், காலை 7.05

மாந்தோப்பு அண்ணா, படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

ஜூனியருக்குப் பாலிமிக்சின் எங்களிடம் மிச்சம் இருக்கிறது. புதன்கிழமை ரத்தம் எடுக்கிறோம், வியாழன் எலைசா. இந்த முறை வெறும் பி.பி.எஸ் குழி மூன்று வைத்திருக்கிறாள்.